அப்ளிகேஷனில் நான் எழுதிய ஒரு வார்த்தை

பத்து நாளைக்கு முன்னால் மகளை அழைத்துக்கொண்டு பெங்களூர் போனேன். போன காரியத்தை நானே கெடுத்துவிட்டுத் திரும்பினேன்.

வழக்கமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பவன் நான். இந்த வாரம் முடியாது போலிருக்கிறது. மன்னியுங்கள்.

மகள் சரோஜா எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். எங்கள் விவசாயக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் பெண். அடுத்து இண்டர்மீடியட். எந்தக் காலேஜ்? ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். சென்னை, சேலம், பெங்களூர் — மூன்று ஊரிலிருந்தும் பிராஸ்பெக்டஸ் வரவழைத்தேன். மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன்.

சென்னையில் படிப்பு பிரமாதம். டென்னிஸ் கோர்ட்கூட உண்டு! ஆனால் ஹாஸ்டல் கட்டணத்தைப் பார்த்ததும் என் மனைவி ருக்மணி புத்தகத்தை மூடிவிட்டாள். சேலத்தில் செலவு குறைவு. ஆனால் வகுப்பு முழுக்கப் பையன்கள். பெண்கள் நாலைந்து பேர்தான். "அது நமக்கு சரிப்படாது மாப்ள" என்றார், யோசனை சொல்வதற்கென்றே கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த ருக்மணியின் அண்ணன்.

சரோஜாவின் கணக்கே வேறு.

"நைனா, இந்த பெங்களூர் காலேஜ்ல பொண்ணுக்கு ஒரு மைக்ராஸ்கோப்பாம். எங்க ஸ்கூல்ல சார் மட்டுந்தான் தொடுவாரு. நாங்க வரிசைல நின்னு எட்டிப் பாக்கணும்."

பெங்களூர் என்று முடிவாயிற்று. சேலத்து அப்ளிகேஷன் நிரப்பாமலே அலமாரிக்குள் போயிற்று.

இங்கேதான் உங்கள் நண்பனின் புத்திசாலித்தனம் வேலை செய்தது. பெங்களூர் அப்ளிகேஷனில் ஒரு கேள்வி: தாய்மொழி?

எல்லைப் பக்கத்து ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வீட்டில் தெலுங்கு. சந்தையில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் தமிழ். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். மைசூர் ராஜ்யத்தில் கன்னடக்காரர்களுக்குத்தான் முதலில் சீட் என்று பஸ்ஸில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. 'கன்னடம்' என்று எழுதினேன். இரண்டாம் பாஷை? அதிலும் கன்னடம். ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டாமா?

"எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாதே நைனா" என்றாள் சரோஜா.

"பேசறே இல்ல? அது போதும், சும்மா இரு" என்றேன்.

பெங்களூரில் இண்டர்வியூ. பிரின்சிபால் ஒரு அம்மாள். அன்பாகத்தான் பேசினார். கன்னடத்தில் கேட்டதற்கெல்லாம் சரோஜா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். மார்க்கைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. சீட் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அவர் மேஜைமேல் கிடந்த கன்னடப் பேப்பரை அவள் பக்கம் நகர்த்தி, "ஒரு பாரா படிம்மா" என்றார்.

சரோஜா பேப்பரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்...

"தாய்மொழி கன்னடம் என்று எழுதியிருக்கிறதே?"

"நான்தான் மேடம் தப்பா எழுதிட்டேன். எங்க வீட்ல தெலுங்கு" என்றாள் சரோஜா.

பிரின்சிபால் அப்ளிகேஷனில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மின்விசிறியைப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். வாராவாரம் உங்களுக்கெல்லாம் நியாயம் சொல்கிற வாய் திறக்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"தெலுங்கு என்றே எழுதியிருந்தால் எடுத்துக்கொண்டிருப்போம். இங்கே தமிழ்ப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் நிறையப் படிக்கிறார்கள். பொய்யான அப்ளிகேஷனை நான் ஏற்பதற்கில்லை" என்றார் அந்த அம்மாள். குரல்கூட உயரவில்லை.

அதற்குள் மற்ற இரண்டு ஊரிலும் கடைசித் தேதி முடிந்துவிட்டது. இந்த வருஷம் போச்சு.

உங்களில் எத்தனை பேர் இப்போது பிராஸ்பெக்டஸும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்? படிப்பு, ஹாஸ்டல், செலவு — எல்லாவற்றையும் அலசுகிறோம். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறோம், பஸ்ஸில் வருகிறவரைக் கேட்கிறோம். படிக்கப் போகிறவள் வாயைத் திறந்தால் 'சும்மா இரு' என்கிறோம். மூன்று பிராஸ்பெக்டஸை வரி விடாமல் படித்தவனுக்கு, மகள் சொன்ன ஒரு வாக்கியம் காதில் ஏறவில்லை.

நேற்றுக் காலை காப்பியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நைனா, அடுத்த வருசம் அப்ளிகேஷனை நானே எழுதட்டுங்களா?"

சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் மைத்துனர் முந்திக்கொண்டுவிட்டார். "படிப்புதான் இல்லைன்னு ஆயிடுச்சே மாப்ள, பொண்ண வீட்ல வெச்சுகினு என்னா பண்றது?" என்று ராயக்கோட்டைப் பக்கம் ஒரு இடம் பேசி வைத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அவருக்கும் சரி என்றுதான் தலையாட்டியிருக்கிறேன். சரோஜாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வரும். எங்கள் வீட்டில் அதை முதலில் பிரித்துப் படிப்பவள் அவள்தான்.