சாலிம் உணவை மறுத்த ரமலான்

ரமலான் தொடங்கிய அன்று சாலிம் உணவை மறுத்தார். கரண்டி அருகில் வந்ததும் உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

வளைகுடா நாடொன்றின் அல் ஐன் நகரில், மாற்றுத்திறனாளிகள் தங்கி வாழும் இல்லமொன்றில் நான் பராமரிப்பு மேற்பார்வையாளனாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகள் அவை. சாலிம் அந்நாட்டவர், முப்பதை நெருங்கியவர், இல்லத்தில் சேர்ந்து சில திங்களே ஆகியிருந்தன. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கைகால்கள் இணங்கா, பேச்சும் இல்லை. ஆயினும் கேட்பது அனைத்தும் அவருக்கு விளங்கும். விழிகளை உயர்த்தினால் ‘ஆம்’. இமைகளை மூடினால் ‘இல்லை’.

அவருக்கு உணவூட்டியவர் இராமநாதபுரத்துச் செல்வராசு.

“யல்லா மாப்ளே, வாயைத் தொற. ஒனக்குப் புடிச்ச கோழிடா. நான் வேணா தின்னுரட்டா?”

இத்தகைய சீண்டலுக்குச் சிரிக்கும் சாலிம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியா, பல்லில் நோவா, எவர் மீதேனும் சினமா என்று வினவினோம். எல்லாவற்றுக்கும் இமைகள் மூடின. மூன்று வேளை உணவும் திரும்பியது. இரவுப் பணியாளர் கொடுத்த பாலை மட்டும் பருகினார். மறுநாளும் அவ்வாறே.

அதற்கடுத்த நாள் இல்லத்து மருத்துவர் வந்தார். கோவையைச் சேர்ந்த அம்மையார்.

“ஏனுங்க, பால் எறங்குது, சோறு எறங்கலைன்னா விழுங்கறதுல கோளாறுதானுங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க. வயித்துல டியூப் வைக்கோணும்.”

குழாய்வழி உணவு பெறுவோரைப் பேணும் வசதி எங்கள் இல்லத்தில் இல்லை. குழாய் பொருத்திவிட்டால் சாலிம் திரும்பி வர இயலாது. அவருடைய துணிகளை மடித்த செல்வராசு எவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வண்டி மாலையில் வந்தது. ஓட்டுநர் பெஷாவர்க்காரர்; நோன்பு திறந்துவிட்டுப் புறப்படலாம் என்று வாசலருகே தாள் விரித்து அமர்ந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் சாலிம். பாங்கொலி எழுந்தது. ஓட்டுநர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். அந்தக் கையை நோக்கிச் சாலிம் வாயை அகலத் திறந்தார். ஓட்டுநரும் தயங்காமல் பழத்தை நீட்டினார்.

“பாய், ருக்கோ, ருக்கோ! முழுசாக் குடுத்தா தொண்டையில சிக்கிக்கும்!” என்று தடுக்கப் பாய்ந்த செல்வராசு, பழத்தைப் பாலில் மசித்து ஊட்டினார். இடறலின்றி இறங்கியது. அடுத்து, கோதுமையும் இறைச்சியும் குழைய வெந்த ஹரீஸ். அதுவும் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முஸ்லிம் பணியாளர்கள் நோன்பு திறக்க வீடு சேர வேண்டுமென்று, இல்லவாசிகளின் கடைசி உணவை ரமலானில் பிற்பகலிலேயே முடித்துவிடுவது நிர்வாகத்தின் வழக்கம். நல்லெண்ணத்தில் எழுந்த ஏற்பாடுதான். ஆனால் கதிர் மறைந்தபின் சாலிமுக்கு உணவென்று எவரும் எதையும் நீட்டவில்லை.

“ஸாயிம்?” நோன்பாளியா என்று அரபியில் கேட்டேன்.

விழிகள் உயர்ந்தன, நெடுநேரம் இறங்கவில்லை.

தொலைபேசியில் செய்தி கேட்ட மருத்துவர், “இதை நாம யாருமே கேக்கலியேங்க” என்றார். வண்டி வெறுமையாகத் திரும்பியது. மறுநாள் அவரே வந்து விழுங்குதிறனைச் சோதித்து, மருந்து வேளைகளை மாற்றி, உடல் தளர்ந்தால் நோன்பை விட வேண்டும் என்ற உடன்பாட்டையும் சாலிமிடம் பெற்றார். பார்க்க வந்த சாலிமின் அண்ணன், மார்க்கமே உனக்கு விலக்கு அளித்திருக்கிறதே என்று தம்பியிடம் கனிவாகச் சொன்னார். சாலிம் இமைகளை மூடினார்.

ஒருவரைக் கடமையிலிருந்து விலக்கலாம். விருப்பத்திலிருந்து விலக்க நமக்கு உரிமையில்லை. இத்துறைக்கு வரும் இளையோர்க்கு நான் முதலில் சொல்வது இதையே.

அடுத்த ரமலானில் ஒவ்வொருவரையும் கேட்ட பின்னரே உணவு வேளைகளை வகுத்தோம். பலர் நண்பகலுணவையே விரும்பினர். சாலிம் நோன்பு என்றார். சில நாள்களிலேயே, ஒரு நண்பகலில், சமையலறையிலிருந்து பிரியாணி மணம் வந்தது. “இன்னிக்கும் நோன்புதானே மாப்ளே?” என்றார் செல்வராசு. இமைகள் மூடின.

“அடப்பாவி! அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?”

சாலிம் உடல் குலுங்கச் சிரித்தார். அன்று ஊட்டினோம். மறுநாள் மீண்டும் கேட்டோம்.