ஆறடி தள்ளி

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகளில் இளவரசியைத் தெரியாதவர்கள் கிடையாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று தீர்ந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழைகளின் முனையோடு புது இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தாளானால் மதியச் சாப்பாட்டுக்குள் பாதியை முடித்துவிடுவாள். முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குதான். ஆனால் இளவரசி முறுக்கினது நடுவில் விடாது என்று பெயர்.

போன வருடம் ஆடி மாதத்தில் அந்தப் பெயர் போய் வேறு பெயர் வந்தது. "வழிவிட்ட அக்கா."

பெயரை வைத்தவன் விமல்ராஜ். வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது மனை விற்கிறான், கட்சியில் ஏதோ பொறுப்பு, வீட்டில் ஆறு வண்டி. ஆறும் பழுதுக்கு வருவது தேவேந்திரனின் பட்டறைக்கு. தேவேந்திரன் இளவரசியின் கணவன். பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்வது கல்யாணமான புதிதிலிருந்தே அவள் வேலை. "முன் சக்கரம் லேசா இழுக்குது பாருங்க" என்பாள். அவன் பிரித்துப் பார்த்தால் இழுத்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில், பந்தயம் இல்லாத நாட்களில், பொதுமக்களும் பெயர் கொடுத்து ஓட்டலாம் என்று பட்டறைக்கு வரும் பையன்கள்தான் சொன்னார்கள். தோல் உடை, தலைக்கவசம், கையுறை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வேகத்துக்குத் தக்கபடி கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இருபது இருபது நிமிடம் விடுவார்கள். கோப்பை கிடையாது, முதலிடம் கிடையாது. இளவரசி பட்டறையில் கிடந்த இருநூறு சிசி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். முதல் நாளே அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. எதிரே வண்டி வராத சாலையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவது தடவை போனபோது விமல்ராஜும் வந்திருந்தான். அறுநூற்றைம்பது சிசி வண்டி, முகப்பில் கேமரா. இரண்டு பேரும் புதியவர்கள் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நேர்ச்சாலையில் மட்டுமே முந்தலாம், வளைவில் முந்தக் கூடாது. காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது வளைவு வலப்பக்கம் திரும்புவது. இளவரசி திரும்பப் போகும் நேரத்தில் பின்னால் பெரிய வண்டியின் உறுமல் கேட்டது. காந்தி ரோட்டில் பஸ் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தாள். இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள். விதியை மீறி விமல்ராஜ் முந்திக்கொண்டிருந்ததும் இடப்பக்கம்தான்.

இடித்ததில் அவளுக்கு இடது காறை எலும்பு இரண்டாக உடைந்தது. தகடு வைத்தார்கள். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

வளைவில் முந்தியதற்காக அவனை அன்றைக்கு மட்டும் ஓட்டக் கூடாது என்றார்கள். அறிக்கையில் இரண்டாவது வரியாக, முன்னால் சென்றவர் தன் பாதையை விட்டு விலகினார் என்றும் எழுதினார்கள். அது பொய் என்றால் இளவரசி அழுது தீர்த்திருப்பாள். உண்மையாக இருந்ததால் அழவும் முடியவில்லை. அவன் கேமரா படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "வழிவிட்ட அக்கா" என்று எழுதி, சிரித்துக் கண்ணீர் விடும் முகம் நாலு வைத்தான். இரண்டு நாளில் ஊரே பார்த்தது. ஆள் மூலம் ஒரு பை சாத்துக்குடி அனுப்பினான். "தெருவுல ஸ்கூட்டி ஓட்டற மாதிரி ஓட்டக் கூடாதும்மான்னு சொல்லச் சொன்னாருங்க" என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். தேவேந்திரன் பழத்தை உரித்துத் தின்றான். அதற்காக இளவரசி அவனோடு மூன்று நாள் பேசவில்லை.

மூன்று மாதம் இடது கை விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. இழை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு மெல்ல உணர்வு வந்தது. வேலைக்குப் போன முதல் வீட்டில், தறியில் உட்கார்ந்திருந்த திருஞானசம்பந்தம் பாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"வாம்மா. எங்க பாவுக்கும் வழிவிட்டுடப் போற."

பெரிய மனிதர், கேலியாகத்தான் சொன்னார். இளவரசி பதிலுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாலாயிரம் இழையையும் முறுக்கினாள். அன்று சாயங்காலம் கொழுந்தன் பெண்டாட்டி கமலவேணியிடம் மட்டும் சொன்னாள்.

"அவன அதே வளைவுல கீழ தள்ளணும் கமலா."

கமலவேணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தள்ளிட்டு? உன் தோள்ல இருக்கற தகடு புட்டுக்கினு போவும். அப்புறம் மாமாதான் உனக்குச் சோறு ஊட்டணும். அவரு ஊட்டுவாரா?"

"ஊட்ட மாட்டாரு."

"தெரியுது இல்ல? கீரையப் புடி."

மறுபடி தடத்துக்குப் போவதென்று பயிற்சிக்கு இடம் தேடியபோது தேவேந்திரன்தான் திருப்பருத்திக்குன்றம் தாண்டி ஒரு மனைப்பிரிவைக் காட்டினான். அகலமான தார்ச்சாலை போட்டு, கல் நட்டு, ஒரு மனையும் விற்காமல் கிடந்தது. நுழைவாயிலில் கைகூப்பியபடி ஆள் உயரத்துக்கு விமல்ராஜ் படம்.

"அவரு எடத்துலயா?" என்றாள் இளவரசி.

"வேற யாரு இவ்ளோ நல்லா ரோடு போட்டு வெச்சிருக்கான்? யாரும் வரமாட்டாங்க. வாங்கறதுக்கே வரல."

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டயர்களை வரிசையாக வைத்து வளைவு உண்டாக்கினார்கள். தடத்தின் இரண்டாவது கூட்டத்துக்கு உயர்ந்துவிட்டால் வளைவிலும் முந்தலாம். ஆனால் வெளிப்பக்கமாகத்தான், நடுவில் ஆறடி இடைவெளி விட்டுத்தான். ஆறடி என்பது இளவரசிக்கு டேப் வைத்து அளக்க வேண்டிய சங்கதியில்லை. ஒன்றரைப் புடவை அகலம். கைகூப்பி நிற்கும் விமல்ராஜைக் கழற்றி வளைவின் நடுவில் நிறுத்தி, ஒன்றரைப் புடவை அகலம் தள்ளி அவனைக் கடந்தாள். இடப்பக்கம் ஒரு தடவை, திரும்பி வந்து இன்னொரு தடவை. சில தடவை வேண்டுமென்றே ஒரு முழம் தள்ளிப் போய்ப் பார்த்தாள். தொடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு தடவை கைப்பிடி உரசி, படத்தில் மூக்கு கிழிந்தது.

தேவேந்திரன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தாம்மா, அங்க ஒருத்தரத் தொட்டா, அப்புறம் உன்ன ஆயுசுக்கும் உள்ள விட மாட்டாங்க. ரெண்டாவது தடவ இல்ல அறிக்கைல உன் பேரு எழுதறது? பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

விமல்ராஜ் பெயர் கொடுத்த தேதிக்கே அவளும் கொடுத்தாள். தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. இரண்டு பேரும் இப்போது இரண்டாவது கூட்டம். காலையில் எல்லோரையும் கூட்டி வைத்து விதி சொன்னவன் முத்துக்குமார் என்ற பயிற்சியாளன். முப்பது வயது இருக்கும், தினமும் இதையே சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது.

"முன்னாடி போறவங்க திரும்பிப் பாக்கக் கூடாது. அவங்க பாட்டுக்கு அவங்க போணும். முந்தறவங்கதான் பொறுப்பு. சந்தேகமா இருந்தா முந்தாதீங்க, அடுத்த வளைவு எங்கயும் ஓடிடாது. எதாச்சும் கேக்கணுமா?"

இளவரசி கையைத் தூக்கினாள். தகடு வைத்த பக்கத்துக் கை.

"பின்னாடி சத்தம் கேட்டா ஒதுங்கி வழிவிடலாமா தம்பி?"

"கூடாதுக்கா. நீங்க ஒதுங்குவீங்கன்னு பின்னாடி இருக்கறவருக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாம ஒருத்தங்க ஒதுங்கிட்டாங்க. வளைவுல முந்தக் கூடாதுன்னு சொன்ன கூட்டம். அப்பவும் ஒருத்தரு முந்திக்கினு வந்து இடிச்சிட்டாரு. தப்பு யாருது?"

"இடிச்சவருதுக்கா. அதுல இன்னா சந்தேகம்?"

முப்பது பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். விமல்ராஜ் செல்போனை எடுத்து அதில் எதையோ தேடினான்.

"மைக்கக் குடுத்து மேடம மேடையேத்திடலாமே" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

"மேடை வேணாம் சார், ரோடு போதும்" என்றாள் இளவரசி. யாரோ விசிலடித்தார்கள்.

முதல் சுற்றில் அவனுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக இருந்தாள். இரண்டாவது சுற்றில் நேராக அவன் முதுகு. நேர்ச்சாலையில் அவனை நெருங்க முடியாது. அவன் வண்டி மூன்று மடங்கு பெரியது. வளைவில் அந்தப் பெரிய வண்டியை அவன் பயந்து பயந்து திருப்பினான். ஐந்தாவது வளைவில் அவன் சீக்கிரமே பிரேக் பிடிக்க, அவள் பிடிக்கவில்லை. இடப்பக்கம் அகலமாக எடுத்து, ஒன்றரைப் புடவை அகலம் விட்டு, முந்திப் போனாள்.

நேர்ச்சாலை வந்ததும் அவன் உறுமிக்கொண்டு அவளைத் தாண்டினான். அவள் ஒதுங்கவில்லை. அவள் பாட்டுக்குப் போனாள். மறுபடி ஐந்தாவது வளைவு. மறுபடி முந்தினாள்.

இது நல்ல ஏற்பாடாக இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நேர்ச்சாலை அவனை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. பெரிய வண்டி வாங்கிய பெருமையை அவனால் விட முடியவில்லை. தாண்டாமல் பின்னாலேயே வந்திருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். அவன் தாண்டினான். அவள் முந்தினாள். வளைவின் ஓரத்தில் கொடியோடு நின்றிருந்த ஆள் மூன்றாவது தடவை கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

ஐந்தாவது சுற்றில் விமல்ராஜ் திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்த நேரத்தில் பிரேக் பிடிக்க மறந்தான். வண்டி அகலமாக ஓடி இடது ஓரத்துக்குப் போய், பின்சக்கரம் ஆட, அவன் இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தடுமாறினான். அவனுக்கு வலப்பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. உட்பக்கம். அங்கே முந்தக் கூடாது. முந்தினால் அவன் திரும்பி வரும்போது அவள் முன்சக்கரத்தில்தான் விழுவான். யார் பார்த்தாலும், அவனே வந்து விழுந்தான் என்றுதான் சொல்வார்கள்.

அரை நொடி இருந்திருக்கும். ஆறு மாதமாக அவள் படுக்கும்போதும் எழும்போதும் ஓட்டிப் பார்த்த படம் அது. இதோ கண்ணெதிரே, கை எட்டும் தூரத்தில்.

அவள் பிரேக் பிடித்து அவன் பின்னாலேயே போனாள். இரக்கம் ஒன்றும் வரவில்லை. விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும், நாலு பேர் பாவம் என்பார்கள், அவன் கட்டோடு உட்கார்ந்து சாத்துக்குடி தின்பான். விழுந்து கிடப்பவனை முந்த முடியாது. இன்னும் இரண்டு சுற்று மீதி இருந்தது. அவன் முழுசாக, கெட்டியாக, இரண்டு சக்கரத்தின் மேல் அவளுக்கு வேண்டும்.

அந்த இரண்டு சுற்றிலும் முந்தினாள். கடைசியாகக் கடக்கும்போது, கொடிக்காரன் கைதட்டியது கவசத்துக்குள் கேட்கவில்லை, தெரிந்தது.

அன்றே அடுத்த இருபது நிமிடத்துக்குக் கூட்டத்தைக் கூப்பிட்டபோது விமல்ராஜ் வரவில்லை. அவன் ஆட்கள் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரேக் சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னானாம். அவன் வண்டிக்குப் பிரேக் கட்டை மாற்றி நாலு நாள்தான் ஆகிறது, மாற்றியவன் தேவேந்திரன். இளவரசி தலைக்கவசத்தைக் கழற்றாமலே விமல்ராஜிடம் போனாள்.

"வேணும்னே பண்றீங்க மேடம்" என்றான் விமல்ராஜ்.

"ஆமா சார், வேணும்னேதான்."

"ஒரு தடவ போனா பத்தாதா? எல்லாரும் பாக்கறாங்க இல்ல?"

"தொட்டேனா?"

அவன் டெம்போவின் பக்கம் பார்த்தான்.

"கிட்ட வந்தேனா? ஆறடிக்குள்ள வந்திருந்தா சொல்லுங்க, இப்பவே போய் எழுதிக் குடுத்துட்டு வண்டிய ஏத்திக்கினு போயிடறேன்."

"அன்னிக்கு நடந்தத நீங்க இன்னும் மனசுல..." என்று ஆரம்பித்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தினான். "சரி, தப்புதான்னு வெச்சிக்கோங்களேன்."

"நான் எதுக்கு சார் வெச்சிக்கணும்? நீங்களே வெச்சிக்கோங்க."

திரும்பி வந்து முத்துக்குமாரிடம் அடுத்த தேதி எப்போது என்று கேட்டாள்.

"மாசி கடைசிலக்கா. பேரு எழுதிக்கட்டுமா?"

"அவரு பேரு குடுத்திருக்காரா?"

முத்துக்குமார் நோட்டைப் புரட்டினான். "இல்லக்கா. இனிமே வர மாட்டாருன்னு நெனைக்கறேன்."

"வருவாரு. வரலன்னா பயந்துட்டாருன்னு ஆயிடும் இல்ல? அவரு குடுத்ததும் எனக்கு ஒரு போன் போடு தம்பி. அப்புறம் எழுதிக்க."

ஊருக்குத் திரும்பும்போது பைக்கை ஏற்றிய குட்டி யானை லோடு வண்டியைத் தேவேந்திரன் ஓட்டினான். சுங்குவார்சத்திரம் தாண்டியது. பிறகு சொன்னான்.

"ஆறு வண்டி. இனிமே ஒண்ணுகூட நம்ம பட்டறைக்கு வராது."

"வராது."

"அவங்க மச்சானோடதும் வராது."

"அவரு வண்டில எப்பவுமே ஆயில் ஒழுகும். போவட்டும்."

தேவேந்திரன் லாரி ஒன்றுக்கு விளக்கடித்து, ஹாரன் அடித்து, முந்தினான். இளவரசி இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஒரு வீட்டில் பாவு இருந்தது. கை தூக்க வருமா என்று தெரியவில்லை.

"மனசு ஆறிடுச்சா?" என்றான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்ல. அஞ்சாவது சுத்துல ஒண்ணு விட்டுப்போச்சு."

அவன் கியரை மாற்றினான். கொஞ்ச தூரம் போனதும், "பின் டயரு தேஞ்சிடுச்சு, பாத்தியா?" என்றான். "மாசிக்குள்ள வேற போட்டுடறேன்."