ஆளை விட்டுப் போகாத பஸ்

பெட்டிக்காரர் செய்த அட்டைப்பெட்டியை வாங்கியவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். மூடியைப் பெட்டியின் மேல் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். தொப்பென்று விழுந்தால் அது பெட்டியல்ல. பாதியில் இறுகி நின்றாலும் பெட்டியல்ல. உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியே அனுப்பிக்கொண்டு, பெரிய மனிதர் நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிதானமாக இறங்க வேண்டும். அவர் பட்டறைப் பெட்டி எல்லாம் அப்படித்தான் இறங்கும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கழித்துப்போட்ட அட்டையைக் கத்தியால் வெட்டி ஆரம்பித்தவர். இன்றைக்கு அவர் மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்கும். யார் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை.

அப்படிப்பட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சம்பந்தி வீட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. எல்லாம் அவருடைய வெப்சைட் செய்த வேலை.

ஒரு பொம்மைக் கம்பெனி போர்டு கேமுக்குப் பெட்டி கேட்டு வந்ததில்தான் அது தொடங்கியது. உள்ளே இத்தனை தடுப்பு எதற்கு என்று தெரியாமல் அவர் கத்தியைத் தொடமாட்டார். ஒரு ஆட்டத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, விதிகள் அச்சடித்த தாளில் விரல் வைத்துப் படித்து, மனைவியோடு ஆடிப் பார்த்தார். மனைவி ஜெயித்தாள். விடுவாரா? அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று போய், கடைக்கு வரும் போர்டு கேம் எதையும் விடாமல் ஆடத் தொடங்கினார். ஆடியதைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஆசை வந்தது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். அவர் போனைப் பார்த்துப் பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். தப்பாக எழுதியதைத் திட்டித் திருத்துவார்.

வெப்சைட்டின் நெற்றியில் ஒரு வரி இருக்கிறது: கடைசிவரை ஆடி முடிக்காத ஆட்டத்துக்கு இங்கே ஸ்டார் கிடையாது. மற்ற விமர்சகர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு ஸ்டாரை அள்ளி வீசுவார்கள். இவர் வீசமாட்டார். அதனாலேயே முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்து படித்தார்கள். பெட்டிக்காரர் நல்லது என்று சொன்னால் கடையில் அந்த ஆட்டம் தங்காது.

சம்பந்தி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல் அவரும் ஒரு ஆட்டம் செய்தார். பெயர் 'கடைசி டிரிப்'. ஆளுக்கு ஒரு பஸ். நிறுத்தத்தில் நிற்கும் மரக்குச்சிகள்தான் பயணிகள். ஏற்றவேண்டும், இறக்கவேண்டும். யார் பஸ்ஸைக் காலியாகக் கொண்டுபோய் ஷெட்டில் விடுகிறாரோ அவர் ஜெயித்தவர். பெட்டி செய்து கொடுத்தவர் நம் பெட்டிக்காரர்தான். சம்பந்திக்குச் செய்வதற்கு என்ன விசாரணை என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, உள்ளே இருப்பதை ஆடிப் பார்க்காமல் அளவை மட்டும் வாங்கி வெட்டிவிட்டார்.

அச்சடித்து வந்த பெட்டிகளை வைக்க அந்த வீட்டில் இடம் ஏது? மகளும் மருமகனும் இருந்த அறையில் அடுக்கினார்கள். விமர்சனம் வந்ததும் விற்றுவிடும், கொஞ்ச நாள்தானே என்றார் சம்பந்தி.

முதல் ஞாயிறு நான்கு பேர் உட்கார்ந்தார்கள்: சம்பந்தி, சம்பந்தியம்மா, மகள், பெட்டிக்காரர். மத்தியானம் போய் சாயங்காலம் ஆயிற்று. யார் பஸ்ஸும் காலியாகவில்லை. ஒரு குச்சியை இறக்கினால் பையிலிருந்து புதுக்குச்சி எடுத்து வேறொரு நிறுத்தத்தில் நிறுத்த வேண்டும். ஆள் நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போகக் கூடாது. இரண்டு விதியும் சேர்ந்தால் ஆட்டம் எந்தக் காலத்திலும் முடியாது என்பது பெட்டிக்காரருக்கு விளங்கிவிட்டது. பக்குவமாகத்தான் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, ஷெட்டுக்குத் திரும்புற வண்டி வழியில நிக்க வேண்டியதில்லன்னு ஒரு வரி சேத்துட்டா என்ன?"

சம்பந்தி பகடையைக் கீழே வைத்தார். "நான் வண்டி ஓட்டின வரைக்கும், ஸ்டாப்புல நின்ன ஒரு ஆள விட்டுட்டுப் போனதில்ல. இதுல மட்டும் போகச் சொல்றீங்களா?"

"விளையாட்டுதானே."

"உங்க வெப்சைட்டும் விளையாட்டுதான். மேல போட்டிருக்கீங்களே ஒரு வரி, அத எடுத்துருவீங்களா?"

பெட்டிக்காரர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

"ஆள விட்டுட்டுப் போனதில்லையாம்," என்றார் சம்பந்தியம்மா. "ஆஸ்பத்திரி வாசல்ல என்னை நிக்கவெச்சுட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டீங்களே, அது என்ன?"

"அது ஸ்டாப் இல்ல."

போர்டைக் கலைக்க சம்பந்தி சம்மதிக்கவில்லை. அப்படியே மேஜையில் விட்டு, குச்சிகள் நகராமலிருக்கப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். அதுவும் பெட்டிக்காரர் பட்டறைப் பெட்டிதான். அடுத்த ஞாயிறு அதைத் தூக்கினார்கள், விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள், மறுபடி கவிழ்த்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

நடுவில் மகள் போன் செய்தாள். பக்கத்தில் ஆள் இருக்கிற குரல். "அப்பா, எப்ப எழுதுவீங்க?"

"ஆட்டம் முடியட்டும், பாப்பா."

"அது முடியாதுப்பா. உங்களுக்கே தெரியும்."

வீட்டில் மனைவி அதற்கு மேல். "நல்லா இருக்குன்னு ரெண்டு வரி போட்டுட்டுப் போங்களேன். உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?"

"முடிக்காத ஆட்டத்துக்கு ஸ்டார் போட்டா நாளைக்கு என்னை எவன் நம்புவான்?"

"சரி, நல்லா இல்லன்னு போடுங்க."

"போட்டா அந்த வீட்டுல நம்ம பொண்ணு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவா?"

"அப்ப எழுதவே எழுதாதீங்க."

"எழுதலன்னா பெட்டி எப்படி நகரும்?"

"எந்தப் பக்கம் போனாலும் சுவத்துல முட்டிக்கறதுக்குன்னே ஒருத்தர் இருக்கார்," என்று சொல்லிவிட்டு அவள் டிவியைப் போட்டாள்.

நான்காவதோ ஐந்தாவதோ ஞாயிறு. கை கழுவ எழுந்தவர் மகள் அறை வாசலில் நின்றுவிட்டார். வெளியே நல்ல வெயில், உள்ளே லைட் எரிந்தது. பெட்டிகள் தரையிலிருந்து எழும்பி ஜன்னலை மூடியிருந்தன. ஒவ்வொன்றும் நேராக, ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அவர் கைவேலை அப்படி. அலமாரிக் கதவு பெட்டியில் இடித்து ஒரு சாண் மட்டும்தான் திறந்தது. மகள் அந்த இடுக்கில் தோள்வரை கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடற?"

"டவல். உங்களுக்குத்தான்."

கையை வெளியே எடுத்தபோது முழங்கைக்கு மேல் சிவந்த கோடு இருந்தது. பழைய கோடுகளும் இருந்தன.

பெட்டிக்காரர் டவலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மற்றவர்களானால் தனியே உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். அவருக்கு எழுத்தென்றால் வாய்விட்டுச் சொல்வதுதான். அந்தச் சின்ன வீட்டில் எந்த மூலையில் சொன்னாலும் எல்லார் காதிலும் விழும். அதனால் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பெட்டி நல்ல பெட்டி, நான் செஞ்சது. குச்சி வழுக்காம கையில நிக்குது. ஆட்டம் முடியல. முடியும்னும் தோணல. ஏன்னா இத செஞ்சவருக்கு நிக்கிற ஆள விட்டுட்டுப் போகத் தெரியாது. ஜெயிக்கணும்னு நினைக்கிறவங்க வாங்காதீங்க. வீட்டுல நாலு பேரு ஒரு இடத்துல உக்கார ஒரு சாக்கு வேணும்னா வாங்குங்க. நான் இன்னும் ஆடிட்டு இருக்கேன். முடிஞ்சதும் ஸ்டார் போடுறேன்."

போன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. 'குச்சி' என்பதைக் 'குஞ்சு' என்று எழுதியதை மட்டும் திருத்தி, வெப்சைட்டில் ஏற்றினார். மகள் வாசற்படியில் அசையாமல் நின்றாள். சம்பந்தி பகடையைக் கையில் எடுத்தார்.

"ஸ்டார் கிடையாதா?"

"முடிஞ்சப்புறம்."

"அப்ப முடிச்சுத்தானே ஆகணும்."

"ஆகணும்."

"உருட்டுங்க," என்று சம்பந்தி பகடையை அவர் பக்கம் தள்ளினார்.

முடியாத ஆட்டம் அப்படி என்னதான் என்று பார்க்கவே பலர் வாங்கினார்கள். பெட்டிகள் வரிசை வரிசையாகக் குறைந்தன. ஒரு காலை மகள் போன் செய்து, "அப்பா, ஜன்னல் தொறந்துட்டேன்," என்றாள். வண்டிச் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் போனுக்குள் வந்தன. அவர் போனைக் காதோடு அழுத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெப்சைட்டில் வாசகர்கள் வாரம் தவறாமல் கேட்கிறார்கள்: பெட்டிக்காரரே, ஸ்டார் எங்கே? சொன்ன சொல்லிலிருந்து இறங்கி அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே ஞாயிறு வந்தால் வயிற்றை எக்கி, மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, கவிழ்த்த பெட்டியைத் தூக்குகிறார்.

போன ஞாயிறு அவர் பஸ்ஸில் ஒரே குச்சிதான் பாக்கி. அதை இறக்கிவிட்டார். எதிரே ஷெட், நடுவில் ஒரே நிறுத்தம். மகள் போர்டின் மேல் குனிந்தாள். சம்பந்தியம்மா பைக்குள் கைவிட்டு, புதுக்குச்சி ஒன்றை எடுத்து, அந்த நிறுத்தத்தில் நிறுத்தினார்.

"ஆள் நிக்குது, சம்பந்தி," என்றார் பழைய டிரைவர்.

"கண்ணு தெரியுது," என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்காரர் பஸ்ஸை நிறுத்தினார்.