விசிலுக்குப் பிறகும் ஓடியவன்

விசில் ஊதியாகிவிட்டது. ஆடுகளத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். எதிரணிக்காரன் ஒருவன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான். இன்னொருவன் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தான். என் அண்ணன் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டே போனான். நின்றவர்களுக்கு இடையில் வளைந்து புகுந்து, துள்ளி, பலகையில் பதமாகச் சாய்த்து, பந்தை வளையத்துக்குள் விட்டான். அப்புறம் வழக்கம்போல ஒரு விரலை உயர்த்தியபடி திரும்பி ஓடி வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. அரங்கமும் சிரித்தது. இரண்டும் வேறு வேறு சிரிப்பு என்று கேலரியில் இருந்த எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "போட்டுட்டானில்ல கண்ணு?" என்று என் தொடையைத் தட்டிக் கேட்டாள். முதல் பாதியில் இதே தவறுக்காக நடுவர் ஒருமுறை எச்சரித்திருந்தார். இப்போது திமிர் என்றே முடிவுகட்டி டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாய். அதில் கிடைத்த ஃப்ரீ த்ரோவோடு வெற்றி எதிரணிக்குப் போனது.

அண்ணன் பாயின்ட் கார்டு. கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் இருப்பாரே, தான் உட்காராமல் எல்லார் இலையிலும் கண் வைத்திருப்பாரே, அந்த வேலை. பந்தை மேலே கொண்டுபோய், யாருக்கு, எப்போது, எந்தக் கைக்குக் கொடுப்பது என்று அவன்தான் தீர்மானிக்க வேண்டும். கூடையில் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். கொடுத்தவன் பெயர் வராது. அதைப் பற்றி அண்ணன் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. நான்தான் பேப்பரை மடக்கி எறிந்துவிட்டு, விளையாட்டு நிருபர்களைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு கோயமுத்தூர்ப் பக்கம் சோமனூரில். வீடும் தறிக்கூடமும் ஒரே சுவர். விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் வாயால் பேசிப் பிரயோசனமில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அம்மா சமையலறை வாசலில் நின்று உள்ளங்கையைக் குவித்தால் சோறு, புருவத்தைத் தூக்கினால் யாரோ வந்திருக்கிறார்கள், முந்தானையை உதறினால் அப்பாவுக்குக் கோபம். கரன்ட் போய்த் தறி நின்ற பிறகும் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் சண்டை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்குக் காது ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது. அதை ஒரு வியாதி என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தறிக்காரனுக்குக் காது போகும், அவ்வளவுதான். அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்குள் போய், பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கு நூல் மாற்றிக் கொடுப்பான். இப்படியொரு வீட்டில் ஒரு பையனின் காது மெல்ல மெல்லப் போனால் யாருக்குத் தெரியும்? கூப்பிட்டால் திரும்பாதவர்கள்தான் எங்கள் வீட்டில் எல்லோருமே.

ஆனால் அந்த வீடுதான் அவனைப் பாயின்ட் கார்டு ஆக்கியது. இதை நான் அடித்துச் சொல்வேன். பள்ளி அணியில் அவன்தான் குட்டை. கத்தமாட்டான், கைதட்டிக் கூப்பிடமாட்டான். புருவம் அசைந்தால் ஒருவன் ஓடுவான், சட்டைக் கழுத்தைத் தொட்டால் இன்னொருவன் சட்டெனத் திசைமாறி உள்ளே வருவான். கூட ஆடியவர்கள் எல்லாம் சோமனூர், கருமத்தம்பட்டிப் பையன்கள், பாதிப்பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். முகத்தைப் பார்த்துப் பேசுவது அவர்களுக்குப் பழக்கம். கோயமுத்தூர்க் கல்லூரியில் விளையாட்டுக்காக இடம் கிடைத்தது, அப்புறம் ஒரு மில் அணியில் வேலையோடு சேர்ந்து ஆட்டம். அங்கேயும் அதே பாஷையை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டான். பின்னால் இருந்து யாராவது வந்து வழியை மறித்தால், கூட ஆடுகிறவன் அண்ணனின் இடுப்பைத் தொட்டுச் சொல்வான். விசில் அடித்தால் சட்டையைப் பிடித்து இழுப்பான். இதெல்லாம் பழக்கத்தில் வந்தது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். எதிராளியை இடித்துவிட்டால்கூட "சாரிங்ணா" என்று எழுப்பிவிடுகிறவன் என்பதால், நடுவர்களுக்கும் அவன்மேல் பிரியம். மாநில அணி முகாம் வரை போனான். தொழில்முறை லீக் வந்து, ஒரு அணியிலிருந்து அழைப்பு வந்தபோது, மில் வேலையை விட்டுவிட்டுப் போனான். அப்பா தறியை நிறுத்திவிட்டு அன்றைக்கு முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய சந்தோஷமும் பயமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

புது அணியில் ஆறடிக்கு மேல் ஆட்கள். ஆளுக்கொரு மாநிலம், ஆளுக்கொரு பாஷை. கோச் வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர். அவருக்கு ஒரே வேதம்தான்: களத்தில் பேசு. பேசாதவன் தூங்குகிறவன். கூட ஆடுகிறவர்கள் "ஸ்கிரீன் லெஃப்ட், ஸ்கிரீன் லெஃப்ட்" என்று பின்னாலிருந்து கத்துவார்கள், இடப்பக்கம் ஆள் மறித்து நிற்கிறான் பார் என்று. இவன் நேராகப் போய் அந்த மலை மாதிரி ஆள்மேல் மோதுவான். விலாவில் கருநீலமாகக் கன்றிப்போய் வீட்டுக்கு வருவான். மேலே ஸ்பீக்கரில் பாட்டு, கீழே மேளம், நாலாபக்கமும் கூச்சல். இவனுக்குத் தெரிந்த பாஷை அங்கே யாருக்கும் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க அவகாசமும் இல்லை.

வீட்டில் ஒருநாள் அம்மா அவனை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நான் வந்து பார்த்தபோது குக்கர் விசில் மேல் விசிலாகக் கத்திக்கொண்டிருக்கிறது. இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபோனில் பழைய ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தலை தூக்கினான். "மறந்துபோட்டேன் அம்மணி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். காது கேட்காத குழந்தைகள் இப்படித்தான் சிரிக்கும்.

மறுநாளே கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மிஷினை இயக்கினாள். முடிவு வந்தது. "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார் டாக்டர். நான் தெய்வங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அண்ணனின் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எதிராளியை ஏமாற்றிப் பந்தைக் கடத்திவிட்டால் வருகிற சிரிப்பு. விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தப் பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்தே அழுத்தியிருக்கிறான். இவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்த முறை, விரல் பொத்தான்மேல் காத்துக்கொண்டே இருந்தது. அவனுடைய முதுகும் அந்த விரலும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. அந்த முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

கனமான சத்தம் கொஞ்சம் கேட்கிறது, கீச்சென்ற சத்தம் சுத்தமாகப் போய்விட்டது என்றார் டாக்டர். விசில், குக்கர், குழந்தைக் குரல், இதெல்லாம் அவன் உலகத்தில் இல்லை. தறிப் பக்கம் போகக் கூடாது, காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். "மிஷினு போட்டுட்டு ஆட முடியுங்களா?" என்று கேட்டான் அண்ணன். போட்டும் பார்த்தான். அந்த அரங்கத்து இரைச்சல் மிஷின் வழியாக மண்டையைப் பிளந்தது. வேர்வையில் நழுவி விழுந்தது. கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினான். "டீம்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது அம்மணி. தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிச்சுப்போடுவாங்க. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"  அம்மாவிடமும் ஒரு சத்தியம் வாங்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த டெக்னிக்கல் ஃபவுல் ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கீழே இறங்கினோம். ஓய்வறை வாசலில் கோச் கடுங்கோபத்தில் இருந்தார். மேனேஜர் தமிழ்க்காரர், அவர்தான் அம்மாவிடம் நயமாகச் சொன்னார்: "உங்க பையனுக்குக் கொஞ்சம் திமிரு ஜாஸ்தியாயிருச்சுங்கம்மா. விசில் அடிச்சாலும் நிக்கிறதில்லை, கோச் கூப்பிட்டாலும் திரும்பறதில்லை." அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு எந்தக் குற்றம் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். எங்கள் பக்கத்தில் பிள்ளையை மரியாதை தெரியாதவன் என்று சொல்வதைவிடப் பெரிய பழி கிடையாது. தறிக்கூடத்துக் குரலில், அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "திமிரெல்லாம் இல்லீங்க சாமி. எம்பையன் எதிரிக்கும் 'ங்க' போட்டுப் பேசறவன். அவனுக்குக் காது கேக்காதுங்க. எங்க ஊட்டுல யாருக்குமே கேக்காது. அதுக்கென்னுங்க இப்போ?"

நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். மகனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு நின்றாள். மேனேஜர் கோச்சிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கோச்சின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. அதன் இடத்தில் கனிவு வந்தது. கோபம் இருந்தவரை அண்ணன் ஆட்டக்காரன். கோச் வந்து அண்ணனின் தோளில் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் நின்று எல்லார் உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். 

அதற்குப் பிறகு அந்த சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும், அடுத்த சீசனுக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். மில்லில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. விடியக்காலையில் எழுந்து பள்ளி மைதானத்தில் தனியாகப் பந்து தட்டினான். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன தறிக்குள் பகலெல்லாம் நின்றான். அப்பாவால் தனியாக முடியவில்லை, வேறு வழியும் இல்லை. ஃபோனை வைப்ரேஷனில் வைத்துச் சட்டைப் பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான். சாப்பிடும்போது எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். யாரோ லோன் வேண்டுமா என்று கூப்பிட்டால்கூடச் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவான், என்னிடம் கொடுத்துப் பேசச் சொல்வான். "கூப்பிடுவாங்க அம்மணி. அந்தக் கோச்சு நல்ல மனுசன்" என்பான். எனக்கு எரிச்சலாக வரும், அழுகையாகவும் வரும்.

போன மாதம் அந்த அணியின் புதுப் பட்டியல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் என் ஃபோனில் பார்த்தேன். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. பாயின்ட் கார்டு இடத்தில் யாரோ ஒரு சின்னப் பையனின் படம் இருந்தது. சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் தறியை நிறுத்தினான். கூடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. என் முகத்தைப் பார்த்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆட்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று கால் நகர்வதற்கு முன்பே கண்டுபிடிக்கிறவன். இருந்தாலும் நின்றான். நான் அவன் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "லிஸ்ட் வந்துருச்சுண்ணா. உன்ற பேரு இல்லை."

அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான். எனக்கு நினைவு தெரிந்து யாரிடமும் சொல்லாத வார்த்தையை அன்றைக்குச் சொன்னான்.

"கேக்கல அம்மணி."