பேயின் கையில் தொங்கிய பிசிறு

புதுப் பனியன் துணிக்கு ஒரு வாசனை உண்டு. சலவைப் பட்டறை மருந்தும் இஸ்திரிச் சூடும் கலந்து மூக்கின் நுனியில் லேசாக எரியும். திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிப்போன வாசனைதான். எனக்கு மட்டும் இன்றைக்கும் அது வந்தால் பழைய பயம் எட்டிப்பார்க்கும். காரணம் ஒரு பேய்ப்படம். அந்தப் படத்தைப் பார்த்துத் திருப்பூரில் ஒரு குஞ்சு குளுவான்கூடப் பயப்படவில்லை. பயந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் படம் வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே.

எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே கடை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த செல்வராசு அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு பேய்ப்படம் எடுத்துவிட வேண்டும் என்று வெறி. பேயாக நடிக்க ஆள் கிடைத்து, உடுப்பு கிடைக்காமல் ஒருநாள் அம்மாவிடம் வந்து நின்றார். "ஏனுங்கக்கா, பேய்க்கு வெள்ளையா, கை நீளமா ஒரு அங்கி தெச்சுத் தருவீங்களா? படத்துல உங்க பேரு போட்டர்லாமுங்க."

திருச்செந்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் அம்மா பாக்கியத்துக்கு இருந்த ஒரே பெருமை, அவள் தைத்த பீஸ் எதுவும் "ஆல்டர்" ஆனதில்லை என்பது. குறை இருக்கிறது, திருத்திக் கொண்டு வா என்று செக்கிங்கில் திருப்பி அனுப்புவதற்குத்தான் "ஆல்டர்" என்று பெயர். எங்கள் ஊரில் அதைவிட மானக்கேடான சொல் அப்போது எனக்குத் தெரியாது.

புதுப் பனியன் துணியில் அங்கி தயாராகி, ஒற்றை அறையில் சமையல் மேடைக்கு எதிரே ஆணியில் தொங்கியது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நானும் அதுவும் தனியாக இருப்போம். காற்றில்லாத நேரத்திலும் அதன் கைகள் அசைவதாகத் தோன்றும். பேய்க்கென்றே தைத்த உடுப்பாயிற்றே, உரியவள் வந்து போட்டுப் பார்க்க மாட்டாளா என்று நினைத்து நினைத்து வாசற்படியிலேயே வீட்டுப்பாடம் எழுதினேன்.

அப்படி இருக்கையில் "பிசிறு" வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. தையல் முடிந்த இடங்களில் தொங்கும் நூல் மிச்சம்தான் பிசிறு. சின்ன டிரிம்மர் கத்தரியால் அதை வெட்டுவது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. கழுத்தை வெட்டினேன், கீழ் மடிப்பை வெட்டினேன். கையைத் திருப்பிப் பார்க்க வேண்டுமானால் உள்ளே என் கையை விட வேண்டும். உள்ளிருந்து இன்னொரு கை என்னைப் பிடித்துக்கொண்டால்?

"ஏட்டி, கைப்பக்கம் பாத்தியா?" என்று அடுப்பருகிலிருந்து அம்மா கேட்டாள்.

"பாத்துட்டேம்மா" என்றேன். அங்கி அன்றே போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. அது இப்போது பொய் சொன்ன பயமாக மாறியிருந்தது.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வந்தது. லீவு நாள் என்பதால் தியேட்டர் முழுக்கக் கம்பெனி ஆட்கள். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், எங்கள் லைனிலேயே குடியிருந்து அம்மாவின் கம்பெனியில் செக்கிங் பார்த்த சரசக்கா. "ஆடை: பாக்கியம்" என்று திரையில் வந்ததும் எங்கள் வரிசையே விசிலடித்தது. அம்மா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். எனக்கு நான் பார்க்காமல் விட்ட கைப்பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அரைமணி நேரம் கழித்துப் பேய் வந்தது. இருட்டிலிருந்து மெல்ல நடந்து வந்து கையை நீட்டியது. கேமரா அந்தக் கையை நெருங்கியது. கை விளிம்பிலிருந்து ஒரு சாண் நூல் தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தியேட்டரில் ஒரு விநாடி மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அட, பிசிறுங்கோவ்!" என்றார் சரசக்கா.

அவ்வளவுதான். வாரம் ஆறு நாளும் பிசிறு தேடியே கண் பூத்துப்போன கூட்டம் அது. "டிரிம்மர் எடுங்கப்பா!" என்று ஒரு குரல், "ஆல்டர்! ஆல்டர்!" என்று பத்துக் குரல். அடுத்த காட்சியிலாவது அது அறுந்து விழட்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினேன். பனியன் துணித் தையல் பிரிய ஆரம்பித்தால் நிற்குமா? காட்சிக்குக் காட்சி நூல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் பேய் கதாநாயகனின் கழுத்தை நெரித்தபோது நூல் அவன் மீசையில் போய் ஒட்டிக்கொள்ள, மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் அவளுடைய முந்தானையைக் கசக்கிப் பிடித்திருந்தேன்.

வெளியே வந்ததும் சரசக்கா நேராகவே கேட்டுவிட்டார். "ஏனுங் பாக்கியம், அந்தப் பிசிறு வெட்டுனது ஆருங்க?"

இதோ, இப்போது தெரிந்துவிடப்போகிறது என்று அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

"நாந்தாம்க்கா. கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து கம்பெனியில் அவள் பெயர் "பிசிறக்கா". வேலையை விட்டு நிற்கும்வரை அதுதான் பெயர். யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

அந்தத் தியேட்டர் இப்போது துணி குடோன். செல்வராசு அண்ணனின் கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். இருக்கிறது. சரசக்கா மகன் வீட்டோடு குண்டடம் பக்கம் போய்விட்டார். பேய்ப்படத்தை அவரவர் போனில் காதை அடைத்துக்கொண்டு தனியாகப் பார்க்கிறார்கள். சத்தம்போட்டுப் பேயைத் திருப்பி அனுப்பக் கூட்டம் இல்லை. நான் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எந்தப் பீஸ் வந்தாலும் முதலில் கைக்குள் கையை விட்டுத்தான் பார்ப்பேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தபோது, போன மாதம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ட்டி. தியேட்டர்ல என் முந்தானையப் பிடிச்சிருந்த பிடியிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"அப்புறம் ஏம்மா நீதான்னு சொன்ன?"

"உன் பேரச் சொல்லியிருந்தா உன்னயல்லா பிசிறுன்னு கூப்பிட்டிருப்பாவ. பள்ளிக்கூடம் போற பிள்ள." கண்ணை மூடியபடியே சொல்லிவிட்டு, அடுத்த கண்ணுக்கு மருந்து விடச் சொன்னாள். கன்னத்தில் வழிந்திருந்த மருந்தை அவளுடைய முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த கண்ணைத் திறந்து பிடித்தேன்.