வகை குறைந்த தட்டு

கேன்டீன் அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். துணி ஆலைச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். இன்ன கிழமைக்கு இன்ன காய் என்று சுவரில் ஒட்டுகிற கதையெல்லாம் அவளிடம் நடக்காது. விடிந்ததும் சந்தைக்குப் போவாள். அன்று எது இளசாக வந்து இறங்கியிருக்கிறதோ அதுதான் மதியச் சாப்பாடு. நாலு வகைக் கீரை வந்தால் நாலையும் அள்ளிக்கொண்டு வருவாள்.

"எல்லாக் கீரையும் பச்சைதானேக்கா, இதுல என்ன வித்தியாசம்?" என்று தறி ஓட்டுகிறவர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

"உன் மூஞ்சியும் உங்கண்ணன் மூஞ்சியும் ஒண்ணாடா?" என்று கரண்டியும் கையுமாகக் கேட்பாள். கேட்டவன் இன்னொரு கரண்டி கீரை வாங்கிக்கொள்வான்.

கல்யாணம் காட்சி என்று அவள் தனக்கு எதுவும் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போனபின் தங்கையை நர்சுக்குப் படிக்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த மகராசியோ படித்து முடித்த கையோடு, மழை பொய்த்துப்போன ஏதோ ஒரு தேசத்தில் பட்டினி முகாமுக்கு வேலைக்குப் போய்விட்டாள். "இங்க யாருக்கும் காய்ச்சலே வர்றதில்லையாடி?" என்று அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். எடுபடவில்லை.

ஞாயிறுதோறும் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். "சந்தைக்கு என்னக்கா வந்துச்சு?" என்பதுதான் தங்கையின் முதல் கேள்வி. புடலை பிஞ்சு, கொத்தவரை முற்றல், கத்தரியில் வெள்ளை ஒன்று ஊதா ஒன்று என்று அக்கா மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

ஒருநாள் செய்தியில் அந்த முகாமைக் காட்டினார்கள். விலா எலும்பு தெரிய ஒரு குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவளிடமா கத்தரிக்காய்ப் பெருமை பேசினோம் என்று அக்கா கூசிப்போனாள். ஆலைக்காரர்களுக்கு வழக்கம்போல் வகைவகையாகச் சமைத்துப் போட்டாள். தனக்கு மட்டும் வெறும் பருப்பும் சோறும். தங்கை சந்தையைப் பற்றிக் கேட்டாலும், பருப்பும் சோறும்தான் சாப்பாடு என்று அதையேதான் சொன்னாள். வாராவாரம் இதே பாட்டு. நல்லது செய்வதாகத்தான் நினைப்பு!

இத்தனைக்கும் அவள் நாளெல்லாம் ஏங்கிக் கிடந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: தங்கையின் லீவு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. எதிரே அவளை உட்காரவைத்து, போதும் போதும் என்னும்வரை பரிமாற வேண்டும்.

அந்த ஞாயிறு தங்கை எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். "நான் வரலைக்கா. என் லீவைக் கூட வேலை பாக்கற இன்னொரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி?"

"நீ மறைச்சா எனக்குத் தெரியாதா? இங்க வர்ற அம்மாக்கள்கிட்ட நாங்க முதல்ல கேக்கறதே, வீட்ல என்ன சாப்பிட்டீங்கன்னுதான். பஞ்சம் வந்ததும் சோறு போயிடாதுக்கா. முதல்ல காய் போகும், அப்புறம் கீரை போகும். கடைசியில தினமும் ஒரே தானியம். நீ மாசக்கணக்கா அதையேதான் சொல்ற. அங்கயும் கஷ்டம்னு புரிஞ்சுது. நான் வேற வந்து உன் பங்கைச் சாப்பிடணுமா?"

"அடிப்பாவி! கஷ்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்தப் பிள்ளைங்களைப் பார்த்ததுலேர்ந்து உன்கிட்ட சாப்பாட்டைப் பத்திப் பேச எனக்கு வாய் வரலடி!"

மறுமுனையில் தங்கை விசும்பத் தொடங்கினாள். அக்கா மெல்லக் கேட்டாள். "லீவை வாங்கின அந்தப் பொண்ணு..?"

"நேத்தே கிளம்பிப் போயிட்டா." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "இங்க தேறி வர்ற குழந்தை என்ன பண்ணும் தெரியுமா? இதே சத்துமாவு வேண்டாம், வேற குடுன்னு கத்தும். அன்னிக்கு நாங்க எல்லாரும் கைதட்டுவோம். நீ கத்தவே இல்லையேக்கா. பயந்துட்டேன்."

"எனக்கு இந்த போன் வேண்டாம்டி! நீதான் வேணும்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அக்கா கத்தினாள்.

தங்கை கைதட்டவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.