நகரசபைக் கட்டடத்தில் ஓர் அறை

போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன வைகாசி மாதத்தில், வன்னியில் இருந்த என் தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கணவர், இரண்டு பிள்ளைகளோடு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தாள். மாசியில்தான் கடைசியாகப் பேசினாள். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில் மட்டும் ஏழெட்டு வீடுகளில் இதே நிலைமை. எல்லாரும் ஒரு நாள் ஒன்றாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஆனால் நாற்பது பேரை எந்த வீடு கொள்ளும்?

"சிற்றிக் கட்டடத்தில ஹோல் குடுப்பினமாம், கேட்டுப் பாரும்" என்றார் என் கணவர். கேட்கும் வேலை எனக்கு.

மண்டபம் கேட்டு நகரசபைக் கட்டடத்துக்கு நான்கு தடவை போனேன். கீழ்த்தளத்தில் இருந்த பெண் மேல்மாடிக்கு அனுப்பினாள். மேல்மாடியில் இருந்தவர், அது பூங்காப் பிரிவின் பொறுப்பு, வேறு கட்டடம் என்றார். அங்கே போனால், முதலில் போன இடத்திலேயே கேட்க வேண்டுமாம். எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். அதுதான் கூடுதல் எரிச்சல். யாராவது சினந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

கடைசியில் கிடைத்த படிவத்தில், என்ன நிகழ்வு என்று ஒரு கேள்வி. இருந்த தெரிவுகளில் நினைவஞ்சலிதான் கிட்டவாக இருந்தது; அதைக் குறித்தேன். அதற்கு இறந்தவரின் பெயர் எழுத வேண்டும். வெறுமையாக விட்டுப் படிவத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் பேனாவால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"செத்தவையோ இருக்கினமோ எண்டு தெரிஞ்சால் நான் ஏன் இஞ்ச வாறன்?" தமிழிலேயே கத்திவிட்டேன்.

பக்கத்துக் கவுண்டரில் நின்ற, முக்காடு போட்ட பெண் திரும்பிப் பார்த்தாள். எங்கள் நாட்டு முஸ்லிம் பெண். "அக்கா, கூட்டம் எண்டு மட்டும் போடுங்க" என்றாள் மெல்ல.

அப்படியே போட்டேன். கூட்டம் என்றதாலோ என்னவோ, ஹோலுக்குப் பதிலாக நகரசபை உறுப்பினர்கள் கூடும் அறையைத் தந்தார்கள். நீள்வட்ட மேசை, உருளும் கதிரைகள், ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் ஒரு மைக். விளக்கு ஏற்றக் கூடாது, சாப்பாடு கூடாது, எதையும் அசைக்கக் கூடாது என்று காவலாளி வாசித்தார்.

ஞாயிறு பின்னேரம் வந்தவர்கள் விறைத்துப்போய் இருந்தார்கள். இதற்காகவா இவ்வளவு அலைந்தேன் என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒஷாவா நகரத்திலிருந்து வந்த ஓர் அன்ரி, "உதென்ன பிள்ளை, வழக்குக்கு வந்த மாதிரிக் கிடக்கு" என்றபடி மேசையில் கையூன்றினார். மைக்கின் பொத்தான் அழுந்திச் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து தன் மகனின் பெயரைச் சொன்னார். பிறகு மருமகள். பிறகு மூன்று பேரப்பிள்ளைகள். பக்கத்தில் இருந்தவர் தன் பொத்தானை அழுத்தினார். அப்படியே மேசையைச் சுற்றி வந்தது. என் முறையில் தங்கையின் பெயரைத்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை என் கணவர் சொன்னார்.

நேரம் முடிந்ததென்று காவலாளி இரண்டு தடவை கதவைத் தட்டினார். மூன்றாம் தடவை லைற்றை அணைத்துப் போட்டார். பெயர் சொல்ல இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் நின்று சொன்னார்கள்.

அடுத்த கிழமை நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு கதிரைகள் இடம் மாறியிருந்தனவாம். கிழித்துப் போட்டேன்.

ஆவணியில் தங்கை முகாமிலிருந்து பேசினாள். மூத்தவன் பக்கத்தில் இருக்கிறான் என்றாள். அவள் கணவரையும் இளைய பிள்ளையையும் பற்றி நான் கேட்கவில்லை.